மூன்று கார் வைத்திருக்கும் அக்கா

மார்ச் 4

காலையில் வர வேண்டிய இரண்டு பேரும் வரவில்லை. ஒருவர் போன் செய்து உடம்பு சரியில்லை என்றார். மற்றவர் அதைக்கூடச் செய்யவில்லை. காரைத் துடைத்தேன். துடைத்த காரையே மறுபடி துடைத்தேன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி என்று பெயர். அந்தப் பள்ளியில் ஒரு கார், ஒரு வாத்தியார். அந்த வாத்தியாரும் நானே, பெருக்கித் தண்ணீர் பிடித்து வைப்பதும் நானே.

இந்தக் குறிப்பேட்டைத் தம்பி கொடுத்தான். அவன் நடத்துகிற வெற்றி வகுப்பில் சேருகிறவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுப்பான். ஒவ்வொரு பக்கத் தலையிலும் 'இன்று நான் என்ன சாதித்தேன்?' என்று அச்சடித்திருக்கிறது.

இன்று: கார் சுத்தம்.

மார்ச் 9

ஞாயிறு. தம்பியின் வகுப்புக்குப் போனேன். போகாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். நாற்காலிகள் காலியாக இருந்தால் அவனுக்குக் குரல் இறங்கிவிடும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தவன் அவன். வேலை போனதும் யாரோ நடத்திய இப்படி ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தான், பிறகு தானே ஆரம்பித்துவிட்டான். நன்றாகத்தான் பேசுகிறான். மேடையில் அவனைப் பார்த்தால் என் தம்பியா என்று இருக்கிறது.

இன்று திடீரென்று என்னை மேலே கூப்பிட்டான். "இது என் அக்கா. பழைய கார் ஒண்ணை வச்சு ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு மூணு கார்." எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். வேறு என்ன செய்ய?

படியில் பிடித்துக் கேட்டேன்.

"ஏன்டா மூணு கார்னு சொன்ன?"

"இலக்கை நடந்து முடிஞ்ச மாதிரி சொல்லணும்க்கா. அப்பதான் நடக்கும்."

"கை தட்டினவங்களுக்கு அது தெரியுமா?"

"நீ எதுலயும் ஓட்டையைத்தான் பார்ப்ப. அதான் உன் தொழில் இப்படிக் கிடக்கு."

கோபம் வந்தது. ஆனால் அந்தக் கைதட்டல் காதில் வீடு வரை வந்ததையும் எழுதிவிடுகிறேன். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 10

அவன் சொன்னபடி விடியுமுன் எழுந்தேன். எழுந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மார்ச் 17

இரண்டு தெரு தள்ளி வந்திருக்கிற புதுப் பள்ளியில் குளுகுளு அறையில் உட்காரவைத்துத் திரையில் ஓட்டப் பழக்குகிறார்களாம். போனிலேயே நேரம் குறித்துக்கொள்ளலாமாம். என்னிடம் பழகிக்கொண்டிருந்த தையல்காரரின் மகள் அங்கே போய்விட்டாள். வழியில் பார்த்தபோது செருப்பைக் குனிந்து சரிசெய்வதுபோல் நின்றாள். பாவம், அவள் எதற்கு ஒளிய வேண்டும்.

இவர் குளிர்பதனக் கிடங்கு வேலையில் இருந்து வந்து, சில்லிட்ட கையை என் கழுத்தில் வைத்தார். வழக்கமாகத் திட்டுவேன். இன்று திட்டவில்லை.

"என்ன ஆச்சு?"

"தம்பி தினமும் ஒரு செய்தி அனுப்புறான். 'சிங்கம் தூங்குமா'னு."

"சிங்கம்தான் நாள் முழுக்கத் தூங்கும்" என்றார். "உன் தம்பி பேசினா பேட்டரி செத்த வண்டிகூட ஸ்டார்ட் ஆயிடும். அடுத்த தெருவுல போய் நின்னுடும். அவ்வளவுதான்."

சிரித்தேன். பிறகு அவரே மெதுவாக, ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வண்டி ஓட்ட ஆள் கேட்கிறார்கள் என்று சொன்னார்.

"கதவை மூடிட்டு வேலைக்குப் போனா தோத்துட்டேன்னு ஆயிடாதா?"

"யாருகிட்ட?"

கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குக் கால் கழுவப் போய்விட்டார்.

மார்ச் 28

மனசே சரியில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். கார் பழக வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டேன். பழக வரவில்லை. தம்பியின் வகுப்பில் என்னைப் பார்த்தாராம். பெரிய மருந்துக்கடையில் பல வருடமாக வேலை. வீட்டில் அம்மாவும் பள்ளிக்கூடம் போகிற மகளும். துணி துவைத்து இஸ்திரி போட்டு வீடுவீடாகக் கொண்டு கொடுக்கும் தொழில் தொடங்கப்போகிறார். பெரிய வாஷிங் மிஷின்கூட வாங்கியாயிற்று.

"வேலையை விடறதுக்குத்தான் கை வரல மேடம். அன்னைக்கு மேடையில உங்களைப் பார்த்தப்பதான், நம்மள மாதிரி ஒருத்தங்களே செஞ்சிருக்காங்களேன்னு தைரியம் வந்துச்சு."

பேசிக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வெளியே என் கார் தனியாக நின்றது.

"மத்த ரெண்டும் கிளாஸுக்குப் போயிருக்கா மேடம்?"

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

மார்ச் 29

நானா சொன்னேன் மூணு காருன்னு? அவன்தானே சொன்னான். — சரி, 'ம்'னு சொன்னது யாரு? வெட்கமா இருந்துச்சு. ஒரு காருன்னு சொல்ல வெட்கம். அதுக்காக ஒரு பொம்பளை வேலையை விடணுமா?

தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன், அந்தம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று. "ஒருத்தங்க நம்பிக்கையை உடைக்கிறதுல உனக்கு என்னக்கா சந்தோஷம்?" என்றான். நாளை வகுப்புக்கு அவர் வருவார். வேலையை விடுவதென்றால் மாதக் கடைசியான திங்கட்கிழமைதான் விடுவார்; அதற்கு முன்னால் பிடித்துவிட்டால் போதும். கடைக்கே போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தேன். நாலு பேர் எதிரில் எப்படிப் பேசுவது என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 30

போனேன். தனியாகச் சொல்லலாம் என்று பின்வரிசையில் உட்கார்ந்தேன். தம்பி விடவில்லை. மைக்கைக் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசுக்கா" என்றான். நான் அவனை எல்லோர் முன்னாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று கணக்குப் போட்டிருப்பான்.

மூன்றாவது வரிசையில் அந்தம்மா. மகளையும் கூட்டி வந்திருந்தார். அந்தக் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட ஒரு கார்தான் இருக்கு" என்றேன். "அதுவும் பாதி நாள் சும்மா நிக்குது. மூணு கார்னு சொன்னது நெசமில்ல."

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தம்பி என் தோளில் கை போட்டு, "பார்த்தீங்களா, இதுதான் பணிவு. வளர்ந்தவங்க இப்படித்தான் பேசுவாங்க" என்றான். போன தடவையைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது இது.

அந்தம்மா மட்டும் தட்டவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். படிக்கட்டில் ஓடிப்போய் நிறுத்தினேன்.

"நெசமாத்தான் சொன்னேன்மா. வேலையை விட்டுறாதீங்க."

"வெள்ளிக்கிழமையே எழுதிக் குடுத்துட்டேன் மேடம்."

"எப்ப?"

"உங்க ஆபீஸ்லேருந்து நேரா கடைக்குத்தான் போனேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொன்னார்.

ஏப்ரல் 2

தம்பி போனில். "அன்னைக்கு நான் சமாளிச்சேன். ஆனா வெளியில போய் நாலு பேர் பேசியிருக்காங்க. அடுத்த வகுப்புக்கு ஆள் சேரல. என் பொழப்புல மண்ணைப் போட்டுட்ட." இனிமேல் பேச வேண்டாம் என்றான். சரி என்றேன். நானும் எவ்வளவுதான்…

ஏப்ரல் 7

எழுந்திருக்கவில்லை. யாரும் வரவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 14

மருந்துக்கடை முதலாளியைப் போய்ப் பார்த்தேன். அந்தம்மாவை மறுபடி எடுத்துக்கொள்ள முடியுமா, தப்பு என்னுடையது என்றேன். "நல்லா வேலை செய்யறவங்கதான். போகாதீங்கன்னு நானே சொன்னேன். இப்ப வேற ஆளைப் போட்டாச்சே" என்றார். புது ஆள் அந்தப் பக்கம் ஒரு மாத்திரையைத் தேடி எல்லா இழுப்பறையையும் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 15

கார் சீட் உறைகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு அந்தம்மா வீட்டுக்குப் போனேன். அழுக்கு அவ்வளவாக இல்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது?

கூடத்தில் பாதியை மிஷின் அடைத்துக்கொண்டிருந்தது. மற்ற பாதியில் அவருடைய அம்மா படுத்திருந்தார். "யாரு?" என்று கேட்டதற்கு, "கஸ்டமர்ம்மா" என்றார் அந்தம்மா. உறைகளை எண்ணி வாங்கிக்கொண்டு, "சனிக்கிழமை வாங்கிக்கங்க மேடம்" என்றார். கடைக்காரர் எல்லோரிடமும் பேசுகிற அதே பேச்சு.

ஏப்ரல் 19

உறைகள் புதிது மாதிரி இருந்தன. ஓரத்தில் பிரிந்திருந்த தையலைக்கூடப் போட்டிருந்தார். நான் கேட்கவில்லை.

"வேலை எப்படிங்க போகுது?"

"ரெண்டு வீடு குடுக்கறாங்க. ஒரு வீட்டுல மூணு நாளா கதவைத் திறக்கல." மடித்த துணியை மறுபடி மடித்தார். "காலையில எழுந்தா கை கால் ஓடவே மாட்டேங்குது மேடம். கடைக்குப் போயிட்டிருந்தப்ப இப்படி இல்ல. நீங்க எப்படித்தான் எழுந்திருக்கறீங்க?"

"நான் எங்க எழுந்திருக்கறேன். யாராவது பழக வந்து மணி அடிச்சாத்தான்."

"யாரும் வரலன்னா?"

"படுத்திருப்பேன்."

தலையை ஆட்டினார். அந்த இரண்டு நிமிடம் இரண்டு பேரும் ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி நின்றோம். பிறகு இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டது, அவர் போய்விட்டார்.

மே 6

கடைசியாக என்னிடம் பழகிக்கொண்டிருந்த கணக்கர் இன்று ஓட்டுநர் தேர்வில் தேறிவிட்டார். மேட்டில் கிளட்சை விட்டாலே வண்டியை அணைத்துவிடுகிற மனிதர்; இன்று ஒரு தடவைகூட அணையவில்லை. என் கையைக் குலுக்கினார். அவருக்குப் பிறகு யாரும் இல்லை. சந்தோஷமா துக்கமா என்று தெரியாமல் அவர் கையையே பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்குத்தான் சங்கடமாகப் போயிற்று.

மே 12

பழகுகிறவர்கள் தடுமாறினால் நான் மிதிப்பதற்கு என் பக்கம் வைத்திருந்த பிரேக்கை மெக்கானிக் கழற்றினார். காரை வாங்குகிறவருக்கு அது வேண்டாமாம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். கால் அது பாட்டுக்கு அந்த இடத்தைத் தேடியது.

மாலையில் போர்டை இறக்கினோம். ஏணியை இவர் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 2

பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்தாயிற்று. கிளினிக் கிளினிக்காகப் போய் ரத்தக் குப்பிகள் வைத்த பெட்டியை எடுத்துவர வேண்டும். கண்காணிப்பாளர் "வண்டி நல்லா ஓட்டுவீங்களா?" என்று கேட்டார். ஓட்டுவேன் என்றேன்.

ஜூன் 23

அந்தம்மா தெரு வழியாக வேண்டுமென்றே வண்டியை விட்டேன். வாசலில் மிஷின் நின்றது, மேலே 'விற்பனைக்கு' என்று அட்டை. நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன சொல்ல? வீட்டுக்கு வந்து போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 13

தம்பி மனைவி கூப்பிட்டாள். "அண்ணி, ஒரு தடவை வந்துட்டுப் போங்க. எனக்குப் பயமா இருக்கு." வகுப்பு நின்று ஒரு மாதமாகிறதாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை.

போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தாடி. சட்டையில் சோறு காய்ந்திருந்தது. மேடையில் போடுகிற கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கியது.

"எழுந்திருடா."

"எதுக்கு?"

அவனே சொல்லிக்கொடுத்த பதில்கள் எத்தனை கேட்டிருக்கிறேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். சின்ன வயதில் ஜுரம் வந்தால் இப்படித்தான் செய்வேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா எப்படிக்கா இருக்காங்க?" என்று சுவரிடம் கேட்டான். தெரியலடா என்றேன்.

ஜூலை 16

வண்டியில் வேறு ஆளை ஏற்றக் கூடாது என்பது விதி. தம்பியை ஏற்றினேன். "சும்மா வந்து உக்காரு, பேச வேண்டாம்" என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன். சட்டை மாற்றியிருந்தான்; பட்டனைத் தப்பாகப் போட்டிருந்தான். நான் சொல்லவில்லை.

முதல் கிளினிக்கில் நான் இறங்கிப் பெட்டியை எடுத்துவந்தேன். அவன் அசையவில்லை. இரண்டாவதிலும் அப்படியே. சாலையைப் பார்க்கிறானா கண்ணாடியைப் பார்க்கிறானா என்று தெரியவில்லை. ஒரு சிக்னலில் நிற்கும்போது வாயைத் திறந்தான்.

"இந்த வேலையில அடுத்து என்னக்கா?"

"அடுத்து பாலத்துக்குக் கீழ இருக்கிற கிளினிக்."

என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கிண்டல் செய்யவில்லை என்று தெரிந்திருக்கும். கொஞ்ச தூரத்தில் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. ராத்திரியெல்லாம் தூங்குவதே இல்லை என்று அவன் மனைவி சொல்லியிருந்தாள். திருப்பங்களில் வேகத்தைக் குறைத்து ஓட்டினேன்.

கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்தினேன். எழுப்பவில்லை. பெட்டியை எடுத்துவந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.