செல்வியின் ஃபோல்டர்

செவ்வாய், இரவு.

செல்வியின் வேலையைப் பறித்தது எங்கள் மேலாளரின் அரைகுறை அறிவு.

நல்லம்பள்ளி சென்டரில் அவளும் நானும் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து லினக்ஸ் சர்வரில் சேமித்து வந்தோம். நேற்று அவர் பட்டியல் காட்டும் ls -l கட்டளையை அடித்து, எங்கள் ஃபோல்டர்களுக்கு நேரே இருந்த எண்களைப் பார்த்தார். அவளுடையது 4096 பைட். என்னுடையது அதைப்போலப் பல மடங்கு.

“இதுல ஒரு போட்டோ கூட அடங்காது. மாசம் பூரா என்னம்மா பண்ணுன? சித்தேரி பஸ்ஸுல தூங்கற தூக்கத்த இங்கயும் தூங்குனியா?”

“ஊர் ஊரா பிரிச்சு உள்ள வெச்சிருக்கறேங்க சார். தொறந்து பாருங்க.”

அவர் திறக்கவில்லை. அவளை அனுப்பிவிட்டார்.

அந்த எண் உள்ளே இருக்கும் கோப்புகளின் அளவே அல்ல. பெயர்ப்பட்டியலின் அளவு மட்டும்தான். அவள் ஊர்வாரியாகப் பிரித்து வைத்ததால், மேலே ஊர்ப்பெயர்கள் மட்டும்; பட்டியல் சிறியது. நான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வைத்ததால் பெரியது. என் சோம்பலுக்கு “சபாஷ்” கிடைத்தது.

இன்று du அடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் கூட்டிக் காட்டினேன். அவளுடையதுதான் பெரியது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார். “சரி வுடுப்பா, வேற ஆளுக்குச் சொல்லியாச்சு.”

மதியம் சாப்பிடும்போது பழக்கத்தில் குழம்பு டப்பாவை அவள் உட்காரும் நாற்காலிப் பக்கம் நகர்த்திவிட்டேன். அங்கே யாரும் இல்லை. அவளுக்குப் போன் போட்டால், அவள் ஊரான சித்தேரி மலையில் சிக்னல் கிடைக்கவில்லை.

சற்றுமுன் அவருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்: “தப்பு உங்களுதுங்க சார். நாளைக்கே அவங்களத் திரும்பக் கூப்பிடுங்க.”

நீல டிக் விழுந்துவிட்டது. பதில் வருமா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.