ஐம்பது ஓட்டு கூடுதல்

ஏப்ரல் 2

சாப்பாட்டுத் தட்டு முன்னால் இன்றும் அதே பேச்சு. சிந்தாதிரிப்பேட்டையில் மிக்ஸி மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிற என் வீட்டுக்காரர் சமத்துக்கு ஓட்டு மெஷின் என்றாலே ஆகாது. "எந்த பட்டன அமுக்கினாலும் ஒரே எடத்துக்குத்தான் போவுது, நஸ்ரு. மோட்டாரையே நான் ரிவர்ஸ்ல சுத்த வைப்பேன், தெரியும்ல?"

பதினெட்டு வருடமாகக் கணக்கு டீச்சர் நான். இது நான்காவது தேர்தல் டியூட்டி, இந்த முறை பூத்துக்கே தலைமை அதிகாரி. என்னை நம்பமாட்டார். எவனோ அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோவை நம்புவார்.

ஏப்ரல் 5

பயிற்சி வகுப்பு. நாலு மணி நேரம், ஒரே ஒரு சமோசா. ஓட்டுப்பதிவன்று காலையில் கட்சி ஏஜெண்டுகள் முன்னால் மாதிரி ஓட்டு ஐம்பது போட்டுக் காட்ட வேண்டும். ஓட்டுக்கு ஒன்றாகப் பக்கத்துப் பெட்டியில் விழுந்த சீட்டுகளை எடுத்து உறையில் போட்டு ஒட்டிவிட்டு, மெஷினில் பதிவானதையும் அழிக்க வேண்டும். ஏழு தடவை சொன்னார்கள். நாங்கள் என்ன எல்.கே.ஜி.யா?

ஏப்ரல் 9

ஓட்டுப்பதிவு நாள். மேற்கு மாம்பலம் பூத். மாலை முடித்துப் பார்த்தால் பதிவேட்டில் 612 பேர், மெஷினில் 662. பார்த்ததுமே புரிந்தது. காலையில் மாதிரி ஓட்டுச் சீட்டுகளை உறையில் போட்டு ஒட்டினேன், மெஷினில் அழிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு ஏஜெண்டு, "மெஷின நம்பலாமா மேடம்?" என்று கேட்டார். நின்று பாடம் எடுத்தேன் — தப்பே செய்யாது என்று. என்னா திமிரு எனக்கு.

பூத்தில் கூட இருந்த ரகுபதி சார் மெதுவாகச் சொன்னார்: "மெஷின் கோளாறுன்னு எழுதிடுங்க மேடம். ஊரே நம்பும்."

நம்பும்தான். அதனால்தான் என்னால் எழுத முடியவில்லை. 'நான் அழிக்க மறந்துவிட்டேன்' என்று எழுதி, ஏஜெண்டுகளுக்கு வாசித்தும் காட்டினேன்.

ஏப்ரல் 11

ஏன் அழிக்கவில்லை என்று விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது. வீட்டில் சொல்லவில்லை.

ஏப்ரல் 12

சமத் செல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மாம்பலத்துல ஒரு பூத்துல அம்பது ஓட்டு ஜாஸ்தியாம். இப்ப இன்னா சொல்ற?" என் நாத்தனார் வரைக்கும் அனுப்பியாயிற்றாம்.

மெமோவை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"உன்ன மெரட்டி எழுத வச்சாங்களா?"

"இல்லங்க. மறந்துட்டேன்."

"நீயா? கேஸ் அடுப்ப மூடினமான்னு மூணு தபா பாக்குறவ நீ."

மெஷின் தப்பு செய்யுமாம், நான் செய்யமாட்டேனாம். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அழுகைதான் வந்தது.

ஏப்ரல் 13

அந்த மெசேஜை எல்லாரிடமிருந்தும் அழித்துவிட்டாராம். "நான் அழிக்க மறக்கல," என்கிறார். பற்றிக்கொண்டு வருகிறது.

மே 4

வாக்கு எண்ணிக்கை. முதல் இருவருக்கும் வித்தியாசம் நானூற்றுச் சொச்சம்தான், என் பூத்தின் ஓட்டைவிடக் குறைவு. அதனால், கணக்கு இடித்ததென்று ஒதுக்கி வைத்திருந்த என் பூத்தின் சீட்டுகளைக் கையால் எண்ணினார்களாம். அங்கே டியூட்டியில் இருந்த ரகுபதி சார் போன் செய்தார். சரியாக 612.

சமத்திடம் சொன்னேன். "பாத்தீங்களா? மெஷின் ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு."

சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்: "உன் பூத்துல சந்தேகம் வந்துச்சு, சீட்ட எண்ணினாங்க. எனக்கு எல்லா பூத்துலயும் சந்தேகம் கீதே, நஸ்ரு. எண்ணுவாங்களா?"

சோறு ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்றேன்.