எல்லா முகமும் இந்தப் பெட்டிக்குள்

பிப்ரவரி 9
கணினி இன்றும் எச்சரித்தது. பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு இல்லையாம். பக்கத்து ஊர் அச்சுக்கடையில் கோப்புகளை எல்லாம் எவனோ பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறானாம். எங்கள் ஊர் கஸான்லக்கில் பாதி வாசல்களில் ஒட்டியிருக்கும், இறந்தவர் படம் போட்ட இரங்கல் தாள் என் கடையில் அச்சடித்ததுதான். நாற்பதாம் நாள், ஆறு மாதம், ஆண்டு என்று அதே படத்துக்கு மறுபடி வருவார்கள். எல்லா முகமும் இந்த ஒரு பெட்டிக்குள். என் கணவர் லூபெனும்தான். அவர் சிரிக்கிற ஒரே படம்.

பிப்ரவரி 11
எதிர்வீட்டு இசை ஆசிரியர் கமென், "விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடுங்க, பழைய பெட்டிக்கு அது போதும்" என்றார். எந்த லினக்ஸ்? இணையத்தில் கேட்டேன். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என்று ஆளுக்கொன்று சொல்லி அடித்துக்கொள்கிறார்கள். புதுசா வர்றவளுக்கு எதுன்னுதானே கேட்டேன்?

பிப்ரவரி 16
கமென் லினக்ஸ் மிண்ட் என்கிறார். "பென் டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாருங்க. நீங்க நிறுவச் சொல்ற வரைக்கும் அது எதையும் தொடாது."
ஓட்டினேன். பார்க்கப் பழையது மாதிரியேதான். என் கிழட்டு பிரிண்டரும் தாள் துப்பியது. முகங்கள் இருந்தன. வெளி டிஸ்கில் நகல் எடுத்துத் திறந்து திறந்து பார்த்தேன். மிண்ட்தான்.

பிப்ரவரி 17
இன்று வேண்டாம். நாளை.

பிப்ரவரி 24
"டிஸ்கை முழுவதும் அழித்து நிறுவவா?" என்று கேட்கிறது. அழிக்கணுமாமே! நகல்ல ஒண்ணு விட்டுப் போயிருந்தா? — அணைத்துவிட்டேன்.

மார்ச் 3
லூபெனின் ஆண்டு நினைவுத் தாள் எங்கே என்று மூத்த நாத்தனார் வெசெலா வந்தார். திரையில் அதே கேள்வி.
"என்னடி பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"
சொன்னேன்.
"என் தம்பி ஒரு தடவை செத்தாச்சு. இந்த டப்பாவால இன்னொரு தடவை சாக மாட்டான்" என்று அவரே அழுத்திவிட்டார். அலறிவிட்டேன். திரையில் கோடு நகர்வதையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் தோளைப் பிடித்த பிடியை அவரும் விடவில்லை.
முடிந்ததும் வெளி டிஸ்கைச் சொருகினேன். லூபென் சிரித்தார். நான் அழுதேன்.

மார்ச் 14
வாசலில் தாள் ஒட்டியாயிற்று. லூபென் நினைவாக வேகவைத்த கோதுமையை வந்தவர்களுக்குப் பங்கிட்டோம். எல்லோரும் போன பிறகு வெசெலா கைப்பையிலிருந்து ஒரு படத்தை நீட்டினார்.
"முடி வெட்டிக்கிட்டு எடுத்தேன். நல்லாருக்குல்ல? உன் பெட்டியில போட்டு வை."
"எதுக்கு அண்ணி?"
"எதுக்கா? ஒருநாள் என் தாளுக்கும் வேணும்ல. அடையாள அட்டைப் படத்தைப் போட்டு என்னை அசிங்கப்படுத்திடாதே."
போட்டு வைத்தேன். பெட்டியில் ஒன்று, டிஸ்கில் ஒன்று, கமென் வீட்டிலும் ஒன்று.
திறந்து பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.