ஷிராஸ் அரண்மனையின் இரண்டு கூரைகள்

1943 மே 3, சுங்கை லாலாங் ரப்பர் தோட்டம்

பள்ளிக்கூடம் பூட்டியே கிடக்கிறது. தினமும் முற்பகலில் பங்களாவுக்குப் போய், ஓடிப்போன துரையின் புத்தகங்களை ஜப்பான் அதிகாரிக்கு வாசிக்கிறேன். அவருக்கு இங்கிலீஷ் பழக வேண்டுமாம். அதனால்தான் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் பட்டியலில் என் பெயர் இல்லை; போனவர் யாரும் திரும்பவில்லை.

இப்போது வாசிப்பது பாரசீகத்துப் பூயா வம்சத்தின் சரித்திரம். மீனவன் மகன்கள் மூன்று பேர் கூலிப்படையில் சேர்ந்து, பட்டணம் பட்டணமாகப் பிடித்து ராஜாக்கள் ஆகிறார்கள்.

மே 6

வாசிக்கும்போது சீலிங்கில் சத்தம். ஆள் புரண்டு படுப்பதுபோல. நிறுத்தினேன்.

"எலிதான் வாத்தியாரே, வாசிங்க," என்றாள் சமையல்கார மருதம்மாள். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சமையலறைக்கு விரைந்தாள்.

அவள் புருஷன் முனியாண்டி, போன மாதம் சயாமுக்கு ஆள் பிடித்தபோது காட்டுக்குள் ஓடியவன். புலி அடித்திருக்கும் என்கிறார்கள் தோட்டத்து லய வீடுகளில்.

மே 7

எலி இருமுமா?

மே 11

மூத்தவன் அலி ஷிராஸ் நகரைப் பிடித்துவிட்டான். படைக்குக் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை; விட்டால் படையே அவனைக் கொன்றுவிடும். அரண்மனையில் மல்லாந்து படுத்திருக்கிறான். கூரையில் ஒரு பாம்பு, பொந்து விட்டுப் பொந்து போகிறது. ஏணி வைத்துப் பார்க்கச் சொல்கிறான். இரண்டு கூரைகளுக்கு நடுவே ஓர் அறை. பழைய ஆளுநர் ஒளித்த பொன். அந்தப் பொன்னால் படை நின்றது. பின்னாளில் கடைசித் தம்பி பாக்தாதையே பிடித்தான்.

அதிகாரி வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் துரையும் ஒளித்து வைத்திருப்பானோ?"

"தெரியாது," என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கத்தையே தாண்டியிருக்கலாம். ஏன் தாண்டல? எனக்குத் தெரியாமலா இருந்துச்சு?

மே 12

சிப்பாய்கள் ஏணி வைத்துச் சீலிங் பலகைகளைப் பெயர்த்தார்கள். பொன் இல்லை. முனியாண்டி இருந்தான்.

உடம்பெல்லாம் ஒட்டடை. வெளிச்சத்தில் கண் திறக்க முடியவில்லை. மருதம்மாளை அறைந்தார்கள். அவள் அழவில்லை, நடுவில் புகுந்து முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். அவனை லோரியில் ஏற்றினார்கள். சமைக்க ஆள் வேண்டுமென்று அவளை விட்டுவிட்டார்கள்.

மே 14

சீலிங் இல்லை, ஓடு தெரிகிறது. வாசிக்கும்போது அதே புரளும் சத்தம். அதிகாரிக்கும் கேட்டது. இருவருமே மேலே பார்க்கவில்லை.

ஆகஸ்டு 2

முனியாண்டி பற்றித் தகவல் இல்லை. மருதம்மாள் தினமும் எனக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்து வைக்கிறாள். ஏன் என்று இன்றுதான் கேட்டேன்.

"அன்னிக்குச் சத்தம் கேட்டும் நீங்க காட்டிக் குடுக்கல வாத்தியாரே. என்னால ஆனது இதான்."

அந்தப் பொன் கதையை நான் வாசித்தது இங்கிலீஷில். அவளுக்குத் தெரியாது.

சொல்ல வாயெடுத்தேன்.

"ஆறிடும், சாப்பிடுங்க," என்றாள்.

சாப்பிட்டேன்.