பக்கத்தில் யார் நின்றார்கள்?

நேற்றைய பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் ஒரு மாணவி மறந்துவிட்டுப் போன நோட்டு இப்போது என் மேஜையில் இருக்கிறது. திறந்ததும் மீன் வாடை. பட்டினப்பாக்கம் மீன் சந்தையில் உட்கார்ந்து எழுதியது. மூக்கைப் பொத்தாமல் இன்னொரு முறை முகர்ந்து பார்த்தேன். உன் ஞாபகம் வந்துவிட்டது.

அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு நாம் இருவரும் சேர்ந்து நடத்திய பாடம்: மக்களிடம் போய்ப் பேசி, கேட்டு, எழுதி ஆராய்வது. கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தது நான். கேட்டபின் காத்திருக்கச் சொல்லிக்கொடுத்தது நீ. "பதில் அப்புறம். பக்கத்துல யார் நின்னாங்கன்னு முதல்ல எழுதுங்க" என்பாய். எனக்கு அது வெட்டிவேலையாகப் பட்டது.

முதல் வருடமே மூக்குடைபட்டேன். மீன் விற்கும் அக்கா ஒருவரிடம் வார்டு நிலவரம் கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான் கீது" என்றார். 'திருப்தி' என்று எழுதிக்கொண்டேன். கவுன்சிலரின் ஆள் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசியபடி அங்கேயே நின்றதை நீதான் சொன்னாய். மறுநாள் அந்த அக்கா தனியாக இருந்தபோது போனோம். "இன்னா நல்லா கீது? கடை போட எடமில்லாம அல்லாடிக்கினு கீறோம்" என்று பொரிந்து தள்ளினார். மயிலாப்பூர் வரை ஆட்டோவில் நீ சிரித்துக்கொண்டே வந்தாய்.

நீ கண்ணை மூடியதும் பாடத்தையே எடுத்துவிடப் பார்த்தார்கள். "கதை கேக்கறதுக்கு எதுக்கும்மா ஒரு பேப்பர்?" என்றார் பாடத்திட்டக் குழுத் தலைவர். எனக்கோ உன்னை இரண்டாம் முறை பறிகொடுப்பதாக இருந்தது. நேற்றைய கூட்டத்துக்குப் பத்துப் பக்கப் பேச்சு எழுதி வைத்திருந்தேன். அதைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, இந்த நோட்டுக்காரியை வாசிக்கச் சொன்னேன். ஒரே அம்மாவிடம் எடுத்த இரண்டு பேட்டிகள். மகன் பக்கத்தில் இருந்தபோது ஒரு கட்சிக்கு ஓட்டுப் போட்டதாகச் சொன்னவர், அவன் போனதும் வேறொரு கட்சியைச் சொல்லியிருந்தார்.

வாசித்து முடித்தாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நீ இருந்திருந்தால் மேஜைக்கடியில் கிள்ளியிருப்பாய். நானே என் தொடையைக் கிள்ளிக்கொண்டு சும்மா இருந்தேன். கடைசியில் தலைவரே வாய் திறந்தார். "நம்ம எலெக்ஷன் சர்வேல இந்தம்மா எதுக்கு டிக் போட்டிருப்பாங்க? மகன் பக்கத்துல இருந்தானான்னு நாம கேக்கவே இல்லையே." பிறகு, "எல்லாருக்கும் கட்டாயப் பாடமாவே வெச்சிடலாம்" என்றார்.

ஜெயித்துவிட்டோமடி! உன் பொறுமையில் கொஞ்சம் என்னிடம் தங்கிவிட்டது, விடமாட்டேன். வாயைத் திறக்காமல் நான் ஜெயித்த முதல் சண்டை இது.