அக்காவின் பின்மூலை

மார்ச் 3, திங்கள்
நாளை சர்வதேச இறகுப்பந்துப் போட்டி ஆரம்பம். எங்கள் ஊரிலேயே நடக்கிறது. அக்கா ஆடுகிறாள், அப்பாதான் பயிற்சியாளர். எனக்கும் ஒரு வேலை உண்டு. அக்காவோடு மோதப்போகிறவளின் வீடியோவைப் பார்த்து, பயிற்சியில் நான் அவளாக மாறி ஆட வேண்டும். நாளைய ஆள் இடதுகைக்காரி. "இன்னைக்குப் பல்லுகூட இடது கையாலதான் தேய்க்கணும்" என்றார் அப்பா. தேய்த்தேன். ஈறில் ரத்தம்.

மார்ச் 4, செவ்வாய்
அக்கா வென்றாள். 21-14, 21-16.

மார்ச் 6, வியாழன்
இன்றும் வென்றாள். ஆனால் ராத்திரி சட்டையைக் கழற்றக் கை மேலே எழும்பவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன். வலது தோள். இடது பின்மூலைக்கு வரும் ஷட்டிலை, தலைக்குப் பின்னால் கையை வளைத்து அடிக்கும்போதுதான் வலிக்கிறதாம்.
"அப்பாகிட்ட மூச்சு விட்டே, தொலைச்சுடுவேன். பிராக்டிஸ்ல அங்க மட்டும் போடாதடி."
எங்கள் பி.டி. மிஸ்ஸும் தோள் போனவர்தான். போர்டில் எழுத நாற்காலி மேல் ஏறுவார். நாங்கள் சிரிப்போம்.

மார்ச் 7, வெள்ளி
காலையில் அந்த மூலைக்கு நான் போடவே இல்லை. அக்கா காலிறுதியைத் தாண்டிவிட்டாள். நாளை அரையிறுதியில் 'நெட்டை'. அப்பா வைத்த பெயர். வீடியோ பார்த்தோம். அவள் போடுவதெல்லாம் இடது பின்மூலைக்கே.
"காலையில அதையே திரும்பத் திரும்பப் போடு" என்றார் அப்பா.
போட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். போடாவிட்டால் நெட்டை போடுவாளே, அத்தனை பேர் பார்க்க. பக்கத்துக் கட்டிலில் அக்கா தூங்குகிறாள், தோளுக்குக் கீழே தலையணை வைத்து. போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன்.

மார்ச் 8, சனி
போட்டேன்.
முதல் ஷட்டிலை விட்டாள். "என்ன, தூக்கமா?" என்றார் அப்பா. இரண்டாவதையும் விட்டாள். மூன்றாவதில் மட்டையே கையிலிருந்து விழுந்தது. அப்பா ஓடிப்போய்த் தோளைத் தொட்டார். அக்கா அலறினாள். ஆனால் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.
"ஏண்டி?"
அரங்கத்துப் பலகையில் அக்கா பெயருக்கு நேரே 'விலகல்' என்று போட்டார்கள். அரையிறுதி வரை வந்ததற்கு வெண்கலம். அம்மா அதை அலமாரி மேல் வைத்தாள். யாரும் பக்கத்தில் போகவில்லை.
நான் பண்ணது சரியா? யார்கிட்ட போய்க் கேக்கறது?

மார்ச் 9, ஞாயிறு
நெட்டைக்குத் தங்கம். டிவியில் பார்த்தோம். பரிசளிப்பு வருமுன் அக்கா எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 17, திங்கள்
தசைநார் பாதி கிழிந்திருக்கிறது. ஆறு மாதம் அந்தக் கையால் ஆடக் கூடாது.
"அன்னைக்கு ஆடியிருந்தா?" என்று கேட்டார் அப்பா.
"அதை எப்படிச் சொல்றது சார்?" என்றார் டாக்டர்.
அக்கா என்னோடு இன்னும் பேசவில்லை. நான் படித்துக்கொண்டிருந்தாலும் விளக்கை அணைத்துவிடுகிறாள்.

ஏப்ரல் 19, சனி
அடுத்த வாரம் பள்ளிகளுக்கிடையேயான போட்டியில் நான் ஆடுகிறேன். இன்று பயிற்சிக்குப் போனால், வலைக்கு அந்தப் பக்கம் அக்கா. இடது கையில் மட்டை.
"உன்னோட ஆடப்போறவ நான்தான். வா."
வலையோரம் வலது பக்கம் விழுவதை எடுக்க எனக்கு வராது. அப்பாவுக்கே தெரியாது, அக்காவுக்குத் தெரியும். முதல் ஷட்டில் அங்கேதான் விழுந்தது. ஓடினேன், எட்டவில்லை.
"எடுத்துப் போடு" என்றாள்.
அடுத்ததையும் அங்கேயே போட்டாள்.