நெற்றியில் மட்டும் வெயில்

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் பனி. மொட்டை மாடியில் வெயில் வரவே நேரமாகிறது. பாப்பா நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். கண்ணிலும் கன்னத்திலும் லேசாக மஞ்சள். பிறந்த எல்லாக் குழந்தைக்கும் வருவதுதானாம்.

பாத்திமா: "ஏங்க, ரத்தம் எடுத்துப் பார்த்துடலாமே."

எனக்கு வந்ததே கோபம். பாப்பாவின் குதிகால் என் கட்டைவிரல் அளவு. அதில் ஊசியா? ராஜகீழ்ப்பாக்கம் கிளினிக்கில் தோலில் வைத்துப் பார்க்கும் மெஷின் இருக்கிறதே. நெற்றியில் வைத்தார்கள், பளிச்சென்று ஒரு வெளிச்சம், மஞ்சள் எவ்வளவு என்று எண் வந்துவிட்டது. பாப்பா முழிக்கக்கூட இல்லை. பதின்மூன்று. நாளைக்கும் வரச் சொன்னார்கள்.

வாங்க வேண்டியது: டயப்பர், கொசுவலை, பூண்டு.

டிச. 10, புதன்

மஞ்சள் இறங்க பாப்பாவை வெயிலில் காட்டும் டியூட்டி எனக்கு. கடை திறக்க லேட். பனிக்காற்றுக்குப் பயந்து கழுத்துவரை டவலில் சுற்றி, முகத்தை மட்டும் வெயிலில் காட்டினேன். கண்ணுக்கு என் கை நிழல். பாத்திமாவின் தம்பி நிஜாம் மேலே வந்தான்.

"இன்னா மச்சான், அப்பளமா காய வெச்சுகினு கீற?"

கிளினிக்கில் நர்ஸ் டவலைப் பிரிக்கப் போனார். "குளிரும்மா, நெத்தியிலயே பாருங்க" என்று தடுத்துவிட்டேன். பன்னிரண்டு! என் வெயில் வேலை செய்கிறது.

பாப்பா பரம சாது. பாலுக்குக்கூட அழுவதில்லை. தூக்கம், தூக்கம். அப்படியே என் குணம் என்று நிஜாமிடம் பீற்றிக்கொண்டேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

டிச. 11, வியாழன்

காலையில் மறுபடி வெயில். முகம் நன்றாக வெளுத்துவிட்டது. கிளினிக்கில் பதினொன்று. பாத்திமா மட்டும் நம்பவில்லை.

"வயிறெல்லாம் மஞ்சளா இருக்குங்க. பால் குடிக்காமயே தூங்குறா. உள்ளங்கால்ல சுண்டினாலும் முழிக்க மாட்டேங்குறா."

மெஷின் பொய் சொல்லுமா என்று கத்தினேன். அவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டாள். ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறிவிட்டாள். நானும் ஓடிப்போய் ஏறினேன்.

தாம்பரம் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா டவலை முழுசாகப் பிரித்தார். ஐயோ. முகம் ஒரு நிறம், கழுத்துக்குக் கீழே வேறு நிறம். அதே மாதிரி மெஷின்தான், நெஞ்சில் வைத்தார். பதினேழு.

"முகத்தை மட்டும் வெயில்ல காட்டினீங்களா சார்? வெயில் பட்ட தோல்ல மஞ்சள் வெளுத்துடும். ரத்தத்துல அப்படியே இருக்கும். ரொம்ப ஏறினா மூளையைப் பாதிச்சுடும்."

 அந்த டவலைச் சுருட்டிப் பையில் திணித்தேன்.

குதிகாலில் குத்தினார்கள். பாப்பா அழவில்லை. ஒரு முனகல், அவ்வளவுதான். ரத்தத்தில் இருபத்தொன்று. நான் மெச்சிக்கொண்ட தூக்கம் தூக்கமே இல்லை, மஞ்சள் ஏறிய மயக்கம்.

மஞ்சளை இறக்கும் நீல லைட்டுக்குக் கீழே, கண்ணைக் கட்டி, டயப்பரோடு கிடக்கிறாள். பாத்திமா என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்தால் தேவலை.

டிச. 12, வெள்ளி

தூறல். கடை பூட்டு. ஜும்மா தொழுகையில் என்ன ஓதினேன் என்றே தெரியவில்லை. நிஜாம் டீ வாங்கி வந்தான்.

லைட்டில் வைத்த குழந்தைக்குத் தோல் மெஷினை நம்ப முடியாதாம். ரத்தம்தான். சிஸ்டர் ஊசியோடு வந்தார்.

"அப்பா வெளிய நில்லுங்க."

போகவில்லை. குதிகாலை நானே பிடித்துக் கொடுத்தேன்.

குத்தியதும் வீல் என்று ஒரு கத்து. வார்டே திரும்பிப் பார்த்தது. ஓர் உதை, என் கை எகிறியது.

"அழுறா! ஏங்க, அழுறா!" பாத்திமா என் சட்டையைப் பிடித்து உலுக்குகிறாள்.

நல்லா கத்துடி, என் தங்கமே. இன்னும் கத்து.